ஆறுதலா

பல்லடத்திலிருந்து வந்தவள் நான்.
விமானத்தில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள்
பலாலி வந்துவிட்டது.
கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை,
அங்கேயும் இங்கேயும் ஒரே மணி.
ஆனாலும் கடவுச்சீட்டில் முத்திரை,
பதினோரு மாத விசா.

வேலை இதுதான்:
உரும்பிராய்த் தோட்டக் கிணறுகளை
மோட்டார் போட்டு அடிவரை இறைப்பது,
பிறகு தண்ணீர் என்ன வேகத்தில் ஊறி ஏறுகிறதென்று
பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை
நாடாவை இறக்கி அளப்பது.
ஒரு நாளைக்கு நாலு கிணறு என்று
சென்னை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

முதல் கிணற்றை எட்டி எட்டிப் பார்த்து நான் தவிக்க,
வெங்காயப் பாத்திக்குள் குனிந்திருந்த பவளராணி
நிமிராமலே சொன்னார்:
“ஆறுதலாச் செய்யுங்கோ, பிள்ளை.”

எங்கள் பக்கம் ஆறுதல் என்பது
இழவு வீட்டில் சொல்வது.
யாரோ போய்விட்டார்கள்,
எனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை என்று பதறி
ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.
யாரும் சாகவில்லை.
அலுவலகம் மட்டும் கேட்டிருந்தது:
இரண்டாவது கிணறு?

ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே
செய்வதற்கு ஒன்றுமில்லை.
முதல் வாரம் மின்னஞ்சல் எழுதினேன்.
இரண்டாம் வாரம் வெயில் ஏறித் திரை தெரியவில்லை.
அப்புறம்தான்
பாண் வண்டியின் பாட்டு
வண்டிக்கு இரண்டு ஒழுங்கை முன்னால் வருவது தெரிந்தது.
நாய் அதற்கு எழும்பாது,
தபால்காரரின் சைக்கிளுக்கு மட்டும்தான்.
எதிர்வீட்டுப் பெண் ஸ்கூட்டியைக் கிளப்புமுன்
பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப்
பொட்டைச் சரிபார்த்து
மறுபடி வீதிக்குத் திருப்பிவிடுகிறாள்.
கிணற்றடிச் சிமெந்தில்
அது காயுமுன் குறுக்கே நடந்த ஒரு கோழியின் தடம்,
ஏழு அடி வைத்திருக்கிறது,
எட்டாவதற்கு யாரோ துரத்தியிருக்க வேண்டும்.

பவளராணியின் வீட்டுக்காரர் குகதாசன்
பதினொன்றரைக்கு டொரொண்டோவுக்கு எடுக்கிறார்.
மகனுக்கு இரவு வேலை, அப்போதுதான் இடைவேளை.
“அங்க இப்ப எத்தினை மணி?”
தினமும் அதே முதல் கேள்வி,
தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்.
நானும் வெளிநாட்டில்தானே இருக்கிறேன்,
என்னை ஒருவரும் மணி கேட்பதில்லையே என்றேன்.
“இந்தியாவெல்லாம் வெளிநாடே, பிள்ளை?”
சிரித்தபடி தேத்தண்ணியை நீட்டினார்.

ஆனால் நான் “சீக்கிரம்” என்றால்
கடைப் பையன் மற்றவனைப் பார்க்கிறான்,
படத்தில் கதைப்பதுபோல் இருக்கிறதாம்.
“கெதியா” என்று சொல்லிப் பார்த்தேன்,
என் வாயில் அதுவும் நிற்கவில்லை.
ஆக, அவசரத்துக்கு
என்னிடம் வார்த்தை இல்லாமல் போயிற்று.

“உங்கட ஊரில ஆறு இருக்கோ?”
இருக்கிறது, நொய்யல்.
நான் பள்ளிக்கூடம் போகையில்
ஒரு நாள் ஊதாவாகப் போகும், ஒரு நாள் சிவப்பாக.
“இஞ்ச மாரிக்கு மட்டும் ஓடுற ஒண்டுதான்”
வெங்காயத் தாளை உதறினார்.
எங்கள் காட்டில் ஆயிரத்து இருநூறு அடி
ஒரே ராத்திரியில் துளைத்ததை அவரிடம் சொல்லவில்லை.
வெள்ளைப் புழுதி வந்தது.
அப்பா டார்ச்சை அணைக்காமல் நின்றார்.

இங்கே இருபத்தைந்தடியில்
சுண்ணாம்புக்கல்லின் ஒரு வெடிப்பு ஈரமாகிறது.
துளி என்று சொல்ல முடியாது,
கல்லின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.
பிறகு அந்த நிறம் நகர்கிறது.

நேற்று அலுவலகம் கேட்டது,
ஒரு நாளைக்கு ஏன் ஒரே கிணறு?
ஆறுதலாச் செய்கிறேன் என்று அனுப்பினேன்.
உடனே பதில்:
ஐயோ, வீட்டில் யாராவது தவறிட்டாங்களா?

அடுத்த அளவுக்கு நாலு நிமிஷம் இருந்தது,
பதில் எழுதியிருக்கலாம்.
பாட்டு இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கேட்டது.
நாய் எழும்பவில்லை.